நத்தத்து நத்தையும் பாரிஸ் மேசையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாப்பாடு. அதிலும் பிரெஞ்சுச் சாப்பாடு. அதிலும் ஜப்பானியர் கைப்பக்குவம் கலந்த, இன்றைய காலத்துப் பிரெஞ்சுச் சாப்பாடு. திண்டுக்கல்லில் நின்றுகொண்டு இதைப் பேசுகிறேன். 1957-இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்று ஒரு கடையைத் திறந்தார். அவர் தலையில் கட்டிய தலைப்பாகையே பிறகு கடைக்குப் பெயராக நின்றது. சீரகச் சம்பா வேகும் மணத்தை வைத்தே தெருவை அடையாளம் சொல்லக்கூடிய ஊர் இது. இந்த ஊரில் பாரிஸ் மேசையைப் பற்றி எதற்குப் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பொறுப்பாளராக வந்தபோது, தன் பீரங்கிப் படையைப் பழக்குவதற்குப் பிரெஞ்சுக்காரர்களை வேலைக்கு வைத்தார். அதோ தெரிகிறதே, அந்த மலைக்கோட்டையின் நிழலில் அவர்கள் பீரங்கி வித்தை சொல்லிக் கொடுத்தார்கள். சமையலைச் சொல்லிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. அந்தப் பாடத்தை இன்று மாலை நாம் கேட்டுப் பார்ப்போம்.

வாருங்கள், உங்களை அந்த மேசையில் உட்கார வைக்கிறேன்.

அறை சிறியது. மேசைகள் குறைவு. சத்தம் இல்லை. உங்கள் முன்னால் ஒரு வெள்ளைத் துணி, ஒரு கண்ணாடிக் குவளை. மெனு அட்டையைத் தேடாதீர்கள். என்ன வர வேண்டும் என்பதைச் சமையற்காரர் முடிவு செய்துவிட்டார். காலையில் சந்தைக்கு என்ன வந்ததோ அதுதான் இரவு உங்கள் தட்டுக்கு வரும். முதலில் ஒரே ஒரு வாய். நுனிவிரலில் எடுத்துப் போட்டுக்கொள்ளும் அளவு. அடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் தெளிந்த சாறு. தண்ணீர்போல இருக்கும், வாயில் பட்டதும் கடலும் புகையும் சேர்ந்து வரும். பிறகு மீன். வெண்ணெயைக் காய்ச்சாமல், உருக்கியும் உருக்காமலும் அடித்துச் செய்த பிரெஞ்சுக் குழம்பு அதன்மேல் ஊற்றியிருக்கும். அந்த வெண்ணெய்க்குள் ஜப்பானின் மிசோ, புளித்த சோயா விழுது, ஒரு துளி கரைந்திருக்கும். பிறகு இறைச்சி, இரண்டு மூன்று துண்டுகள். கடைசியில் யூசு என்ற ஜப்பானிய எலுமிச்சையின் மணத்தோடு ஓர் இனிப்பு. எட்டு வகை, பத்து வகை, சில இடங்களில் பன்னிரண்டு வகை. எழுந்திருக்கும்போது மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் கனத்திருக்காது.

இப்படிச் சாப்பிடும் முறை எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுக்காரர்கள் ஆதியிலிருந்தே இப்படித்தான் சாப்பிட்டார்களா? இல்லை!

அரசர் காலத்துப் பிரெஞ்சு விருந்தில் ஒரு சுற்றுக்கு உரிய எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசை நிறையப் பரப்பிவைத்தார்கள். கைக்கு எட்டியது கிடைக்கும், எட்டாதது ஆறிப்போகும். ஒவ்வொன்றாக, சூடாகப் பரிமாறும் வழக்கத்தை அவர்கள் ரஷ்யர்களிடமிருந்து 19-ஆம் நூற்றாண்டில்தான் எடுத்துக்கொண்டார்கள். இங்கே கொஞ்சம் நின்று நம் இலையைப் பாருங்கள். உப்பும் ஊறுகாயும் பொரியலும் கூட்டும் அப்பளமும் முதலிலேயே இலையில் வந்துவிடுகின்றன. அது பரப்பிவைக்கும் முறை. சோறு வந்தபின் சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், பாயசம், மோர் என்று வரிசை பிடிக்கிறது. அது அடுத்தடுத்துப் பரிமாறும் முறை. இரண்டு முறைகளையும் ஓர் இலைக்குள் கட்டிவைத்த கல்யாணச் சமையற்காரர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பந்தியில் எந்தப் பதார்த்தம் எந்த மூலைக்கு என்று அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

சரி, பாரிஸுக்குத் திரும்புவோம். ரஷ்யரிடம் வரிசையைக் கற்ற பிரெஞ்சுக்காரர்கள், குழம்பைக் கனமாக்கிக்கொண்டே போனார்கள். மாவு, வெண்ணெய், பாலேடு. மீனின் சுவை மீனுக்கே தெரியாத அளவுக்குக் குழம்பு மூடியது. 1960-களில் சில இளைய சமையற்காரர்களுக்கு இது சலித்துவிட்டது. 1973-இல் கோ, மியோ என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் இந்தப் புதிய சமையலுக்குப் பத்துக் கட்டளைகளே எழுதினார்கள். அதிகம் வேகவைக்காதே, கனத்த குழம்பைக் கைவிடு, அன்றைய சந்தைக்குப் போ, மெனுவைச் சுருக்கு. இவைதாம் அவற்றின் சாரம்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், 1972-இல், இன்னொன்று நடந்தது. ஒசாகாவில் ட்சுஜி ஷிசுவோ என்று ஒருவர். பிரெஞ்சுச் சமையலை ஜப்பானியருக்குக் கற்றுத்தர 1960-இல் பள்ளி தொடங்கியவர். அவர் பால் போக்யூஸை ஜப்பானுக்கு அழைத்தார். போக்யூஸ் அன்று பிரான்சின் முதன்மையான சமையற்காரர். பாடம் சொல்லித் தரப் போனவர் பாடம் கேட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பலரும் போனார்கள். அங்கே அவர்கள் கண்டது கைசெகி என்ற விருந்து. தேநீர்ச் சடங்கோடு வளர்ந்தது. சின்னச் சின்னத் தட்டுகள். தட்டில் பாதி வெறுமை. இலையுதிர் காலம் என்றால் தட்டிலும் இலையுதிர் காலம். இன்று கிடைக்கும் காய் நாளை மறுநாள் சுவை மாறிவிடும் என்ற கவலையோடு சமைக்கும் கை. அதைப் பார்த்துவிட்டு வந்த பிரெஞ்சுச் சமையல் பழையபடி இருக்கவில்லை. தட்டை மேசையில் நிரப்புவதை விட்டுவிட்டு அடுக்களையிலேயே அழகாக அடுக்கி அனுப்பும் வழக்கம் வேரூன்றியது. 2003-இல் பிரெஞ்சுச் சமையற்காரர் ஜோயல் ரொபுஷோன் பாரிஸிலும் டோக்கியோவிலும் ஒரு புதுவகை உணவகம் திறந்தார். சாப்பிடுபவர் சமையற்காரருக்கு எதிரே நீளப் பலகையில் உட்கார வேண்டும். சுஷிக் கடை அமைப்பு அது. நம் ஊர்ப் புரோட்டாக் கடையில் கல்லுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, மாவு வீசுவதைப் பார்த்தபடி சாப்பிட்டவர்களுக்கு அந்த இன்பம் புதிதல்ல.

2007-இல், உணவகங்களுக்கு நட்சத்திரம் தந்து தரம் பிரிக்கும் மிஷெலின் வழிகாட்டி டோக்கியோவுக்கு முதன்முதலாக வந்தபோது, நட்சத்திர எண்ணிக்கையில் டோக்கியோ பாரிஸை முந்திவிட்டது. 2020-இல் பாரிஸில் உணவகம் நடத்தும் கேய் கோபயாஷி மூன்று நட்சத்திரம் வாங்கினார். பிரான்ஸ் மண்ணில் அந்த உச்சத்தைத் தொட்ட முதல் ஜப்பானியர் அவர். நாகானோ மாநிலத்துப் பையன். தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையலைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனவர். அவருடைய உணவகத்தில் பேர்பெற்ற பதார்த்தம் எது தெரியுமா? காய்கறித் தோட்டம்! பலவகைப் பச்சைக் காய்கள், கீரைகள், பூக்கள், அடியில் புகைபோட்ட மீன், மேலே எலுமிச்சை நுரை. ஓவியம்போல வரும் அந்தத் தட்டை நன்றாகக் கலந்து சாப்பிடச் சொல்கிறார்கள். கலந்து சாப்பிடுவது நாகரிகமில்லை என்று நமக்குச் சொன்னவர்கள் யார்?

அன்பர்களே, இனி சுவைக்கு வருகிறேன். அந்தத் தெளிந்த சாறு என்றேனே, கடலும் புகையும் மணக்கும் சாறு, அதன் பெயர் தாஷி. கொம்பு என்ற கடற்பாசியும், புகைபோட்டு மரக்கட்டைபோல் உலர்த்திய சூரை வகை மீனின் சீவலும் அதில் சேரும். 1908-இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இகேதா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர் அந்தக் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு இவற்றில் அடங்காத சுவை. அதே குளுட்டமேட் பழுத்த தக்காளியில் நிறைய உண்டு. காய்ந்த மீனிலோ அதற்குத் துணைநிற்கும் இன்னொரு பொருள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் சுவை பலமடங்கு ஏறும்.

தாய்மார்களே, உங்களுக்கு இது தெரியாதா? கடலே இல்லாத ஊர் நம் ஊர். ஆனாலும் நம் வாரச்சந்தையில் கருவாட்டுக்காரம்மா உட்காராத சந்தை உண்டா? அய்யலூர்த் தக்காளியைக் கரைத்து, கத்தரிக்காய் நறுக்கிப் போட்டு, நெத்திலிக் கருவாட்டை அலசிச் சேர்த்துக் கொதிக்க விடும்போது, தக்காளியும் கருவாடும் சேர்ந்து செய்வது அதே வேலைதான். டோக்கியோவில் பேராசிரியர் கண்ணாடிக் குடுவையில் கண்டதை, வேடசந்தூர்ப் பக்கத்து ஆத்தா மண்சட்டியில் கண்டிருந்தாள். அந்தக் கருவாட்டு வாசனை அடுத்த வீட்டுக்குப் போய்விடுமோ என்று சன்னலைச் சாத்துகிறோமே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

இந்த வலியைச் சொல்லும்போது ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நத்தம் வட்டாரத்தில் வளர்ந்த விஜய் குமார். பொறியியல் படிக்க ஆசை, வீட்டில் வசதியில்லை. திருச்சியில் சமையற்கலை படித்தார். சென்னையில் நட்சத்திர விடுதி, பிறகு கப்பல், பிறகு கலிபோர்னியா. 2021-இல் நியூயார்க்கில் 'செம்ம' உணவகம். மறு ஆண்டே மிஷெலின் நட்சத்திரம். 2025 ஜூன் மாதம் சிகாகோவில் ஜேம்ஸ் பியர்ட் விருது, நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்காரர் என்று. வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறினார். நம் வேட்டி! அதே மாதம் நியூயார்க் டைம்ஸ், அந்நகரத்தின் சிறந்த உணவகங்கள் பட்டியலில் செம்மயை முதலிடத்தில் வைத்தது.

அவர் மெனுவில் எதை வைத்தார்? நத்தைப் பிரட்டல். குடல் வறுவல். திண்டுக்கல் பிரியாணி. சின்ன வயதில் வயலில் நத்தை பொறுக்கித் தின்றவர் அவர். அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். ஏழை வீட்டுச் சாப்பாடு அல்லவா அது! பிறகு சமையற்கலை படிக்கப் போன இடத்தில் பாடமாக வருகிறது: பூண்டும் வெண்ணெயும் பார்ஸ்லி இலையும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் பெருமையோடு பரிமாறும் எஸ்கார்கோ. அது என்ன? நத்தை! எந்த நத்தையைச் சொல்ல வாய் கூசியதோ, அந்த நத்தைக்குப் பாரிஸில் தனித் தட்டு, தனி இடுக்கி, தனி முள்கரண்டி. உணவில் ஏழை உணவு, பணக்கார உணவு என்று பிரிவே இல்லை என்று அவர் விருது மேடையில் சொன்னார். அந்த மேடை வரைக்கும் போய்ச் சொல்ல அவருக்கு எத்தனை ஆண்டு பிடித்தது என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் ஒருவர் மட்டுமா? பினாங்கில் பிறந்த தமிழர் மனோ தேவர். சிங்கப்பூரில் கீ சவோயின் பிரெஞ்சு அடுக்களையிலும், ஜப்பானியரான தெட்சுயா வகுதாவின் வாகு கின் அடுக்களையிலும் வேலை பார்த்தவர். நான் முதலில் உங்களை உட்கார வைத்தேனே, அந்த மேசையின் இரண்டு பக்கத்தையும் உள்ளிருந்து பார்த்த தமிழர் இவர். 2018-இல் 'தேவர்' என்று தன் பெயரிலேயே உணவகம் திறந்தார். 2022-இல் இரண்டு நட்சத்திரம். பிரெஞ்சு ஒழுங்கும் ஜப்பானிய நுணுக்கமும் கைக்கு வந்தபின் அவர் எதைச் சமைத்தார்? நம் மசாலாவை, நம் ரசத்தை, பினாங்கில் தன் வீட்டில் மணத்ததை. பாரிஸிலே 2023-இல் நகரத்தின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கைத் தமிழர். ஓராண்டுக் காலம் பிரெஞ்சு அதிபர் மாளிகைக்கு ரொட்டி அனுப்பும் பெருமை அந்தப் பரிசோடு வரும். ரொட்டியே உயிர் என்று வாழும் ஊரில் ஒரு தமிழன் அதைச் சாதித்தான்!

மாணவச் செல்வங்களே, இவர்கள் மூவரையும் வைத்துப் பாருங்கள். கை எங்கேயும் போய் எதையும் கற்கலாம். கற்றபின் அந்தக் கை எந்த மண்ணைத் தொடுகிறது என்பதில்தான் என் பேச்சு முழுவதும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஜப்பானியரிடம் மிசோவையும் யூசுவையும் மட்டும் வாங்கவில்லை. தன் ஊரில் விளைந்ததைத் தலைவணங்கிச் சமைக்கும் பணிவை வாங்கினார்கள். அதைத்தான் நாமும் வாங்க வேண்டும். வாங்கி, நம் சமவெளிக்கும் நம் மலைக்கும் கொண்டுவர வேண்டும்.

யூசு என்றேனே, அதன் கதையைக் கேளுங்கள். ஜப்பானில் கோச்சி மாநிலம். அங்கே மலைக்குள் உமாஜி என்று ஒரு கிராமம். ஆயிரம் பேர்கூட இல்லை. மரம் வெட்டும் தொழில் படுத்துவிட்டது. மிச்சம் இருந்தது கரடுமுரடான தோலோடு ஒரு புளிப்புப் பழம். பார்வைக்கு அழகில்லை, அப்படியே சந்தைக்கு அனுப்பினால் விலை போகாது. ஊர் வேளாண் கூட்டுறவுச் சங்கம் அதைப் பிழிந்தது, புட்டியில் அடைத்தது, தன் ஊர்ப் பெயரைப் பெரிதாக அச்சிட்டது. நாடு முழுவதும் விற்றது. பிரெஞ்சுச் சமையற்காரர்கள் யூசுவைக் கொண்டாடியபோது, அந்த மணத்துக்கு உலகம் முழுவதும் வாசல் திறந்தது.

இப்போது நம் பக்கம் திரும்புங்கள். தென்கிழக்கே சிறுமலை. அங்கே மலைவாழை, எலுமிச்சை, மிளகு, காப்பி. மேற்கே விருப்பாச்சி. இந்த இரண்டு இடத்து மலைவாழைக்கும் 2008-09-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-இல். திண்டுக்கல் பூட்டுக்கும் அதே ஆண்டு. பெயர் வாங்கியாயிற்று. முடிக்கொத்து நோய் மலைவாழைத் தோட்டங்களைத் தின்று தீர்த்ததும் நமக்குத் தெரியும். அந்த நோயில் பிழைத்து நின்ற ஒரு தாரை விவசாயி சுமந்து மலையிறங்கினால், இந்த ஊரில் எத்தனை உணவகம் அதன் பெயரைச் சொல்லிப் பரிமாறுகிறது? ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய் கேரளாவுக்குப் போகிறது, எங்கெங்கோ போகிறது. லாரி போன பிறகு அந்தக் காய்க்கு ஊர் இல்லை, பேர் இல்லை, விளைவித்தவன் இல்லை. தாண்டிக்குடிக் காப்பி தன் பெயரோடு உங்கள் மேசைக்கு வந்த நாள் உண்டா?

இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பாரிஸில் மூன்று நட்சத்திர மேசைக்கு ஒருவருக்குச் சில நூறு யூரோ ஆகும். நம் கணக்கில் பல பத்தாயிரம் ரூபாய். அந்த அடுக்களைகளில் பாத்திரம் துலக்குபவரும் காய் நறுக்குபவரும் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்று கேட்காமல் அந்தத் தட்டின் அழகை மட்டும் பாட என் மனம் ஒப்பவில்லை. பாரிஸ் உணவகங்களில் அப்படி நிற்பவர்களில் ஈழத்தமிழர் பலர். ஆகவே நான் கேட்பது அந்த விலையை இங்கே இறக்குமதி செய்யச் சொல்லி அல்ல. அந்தக் கவனத்தை இறக்குமதி செய்யச் சொல்லி. கவனத்துக்கு யூரோ தேவையில்லை.

அப்படி ஒரு மேசை நம் நாட்டிலும் வந்துவிட்டது: சென்னையில் 2017-இல் ஐ.டி.சி. கிராண்ட் சோழா விடுதியில் ஆவர்த்தனா என்ற உணவகம் தொடங்கினார்கள். தென்னாட்டுச் சுவையை வரிசைத் தட்டுகளாகத் தருவது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களில் அதற்கு இடம் கிடைத்தது. சென்னைக்கு நல்லது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இங்கே ஒன்றும் இல்லை. எனக்குத் திண்டுக்கல் வேண்டும்.

வணிகப் பெருமக்களே, என் விண்ணப்பம் இது. இந்த ஊரில் ஒரு மாலை விருந்து. இருபது பேர் போதும். சமைப்பது கேட்டரிங் மாணவர்கள். பக்கத்தில் நின்று பதம் சொல்வது நம் பந்திச் சமையற்காரர்கள். என்ன பரிமாறுவது? நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், படிக்கிறேன்.

முதலில், அய்யலூர்த் தக்காளியை நசுக்கி மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கிய தெளிந்த சாறு, மல்லித்தண்டு மணத்தோடு, இரண்டு மிடறு. அடுத்து, நத்தம் வயல் நத்தை; கொடைக்கானல் மலைப்பூண்டு, இஞ்சி, நெய்யில் பிரட்டியது. பிறகு ஆத்தூர் அணை மீன், ஆவியில் வேகவைத்து, கடாரங்காய்த் தோலைத் துருவி மேலே தூவியது. யூசுவைத் தேடி யாரும் போக வேண்டாம். நாலாவது, முருங்கைக்காயின் சதையை மட்டும் வழித்தெடுத்து, நெத்திலிக் கருவாடு ஊறிய சாற்றில் ஒரு கொதி விட்டது. ஐந்தாவது, சீரகச் சம்பாவில் வெள்ளாட்டுக் கறி பிரியாணி, நாலே கவளம், தம் உடைத்த அந்த நொடியில் மேசைக்கு. கடைசியில் சிறுமலை வாழைப்பழம், கருப்பட்டியில் லேசாகப் புரட்டியது. பக்கத்தில் பால் சேர்க்காத தாண்டிக்குடிக் காப்பி.

ஒவ்வொரு தட்டு வரும்போதும் அது விளைந்த ஊரையும் விளைவித்தவர் பெயரையும் மாணவர் நின்று சொல்ல வேண்டும். அந்த இருபது நாற்காலியில் ஆறு நாற்காலி, தக்காளி தந்தவருக்கும் நத்தை பொறுக்கியவருக்கும் மீன் பிடித்தவருக்கும் முருங்கை தந்தவருக்கும் ஆடு வளர்த்தவருக்கும் வாழைத்தார் சுமந்து வந்தவருக்கும். அவர்களிடம் காசு வாங்கக் கூடாது. மற்ற பதினாலு பேர் கொடுப்பதில் அவர்கள் சரக்குக்கு அன்றைய சந்தை விலைக்கு மேலேயே கொடுத்துவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், கட்டுப்படியாகும்.

இடம் தருபவர்கள், அடுப்பு தருபவர்கள், அந்தப் பதினாலில் ஓர் இடம் கேட்பவர்கள், கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் பெயர் கொடுங்கள். தை அறுவடை முடிந்து சந்தை நிரம்பும் வாரத்தில் நாள் குறிக்கலாம்.